சாம்பல் கிழவியின் சீட்டுக்கட்டு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். குடை எடுக்க மறந்தேன். பெரம்பலூர் ஸ்டாண்டில் அரியலூர் பஸ், ஜன்னல் சீட்டு. குன்னம் தாண்டியதும் மழை இல்லை, லாரிகளின் சிமெண்டுப் புழுதிதான்.

யாழினியைப் பார்க்கும் நாள். கோர்ட் சொன்னபடி ஞாயிறு காலை, அரியலூரில் வைத்து, மதியம் வரை. வழக்கமான பேக்கரி. கலாவின் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். அவரை மச்சான் என்று கூப்பிடுவதா பெயர் சொல்வதா, விவாகரத்து முடிந்து இவ்வளவு நாள் ஆகியும் பிடிபடவில்லை. "வாங்க" என்றேன். "வரேங்க" என்று கிளம்பிவிட்டார்.

யாழினி போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. கலாவின் பழைய போன். ஸ்கூல் எப்படி? ம். பல் வலி? போயிடுச்சு. வாரணவாசி மியூசியம் போகலாமா என்றேன். "அந்த டைனோசர் முட்டைய எத்தன தடவப்பா பாக்குறது" என்றாள். நியாயம்தான். எனக்கே அலுத்துவிட்டது.

எட்டிப் பார்த்தேன். சீட்டு விளையாட்டு. ரம்மி மாதிரி இல்லை. படம் போட்ட சீட்டுகள், எலி, யானை, வைத்தியர் என்று. எதிரில் ஆடுவது கம்ப்யூட்டர். திரையில் நரைத்த தலையோடு ஒரு பொம்பளை. கையை நீட்டினாள், யாழினியின் யானை எரிந்துபோனது. யாழினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பப்ஸைப் பிய்த்தாள்.

அது யார் என்று கேட்டேன். சாம்பல் கிழவியாம். இங்கிலீஷில் வேறு பெயர், இவள் வைத்தது இது. ஆறாவது வாசலின் காவல். ஸ்கூல் திறந்ததிலிருந்து தாண்ட முடியவில்லையாம். எப்படி விளையாடுவது என்று கேட்டதற்கு, "உங்களுக்குப் புரியாதுப்பா."

கூட்டிப்போகக் கலாவே ஸ்கூட்டியில் வந்தாள். ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். யாழினி ஞாயிறானால் முகம் சுளிக்கிறாளாம். மாதம் ஒரு தடவை என்று மாற்றிக்கொள்ளலாமா, வக்கீலிடம் கேட்கட்டுமா என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. "உக்காந்து போனப் பாத்துட்டு எந்திரிச்சு வர்றா. இதுக்கா நீங்க அவ்ளோ தூரம் வரணும்?"

யோசிக்கிறேன் என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

வாங்க வேண்டியது: பல்பு, கொசுவத்தி, செருப்புக்கு வார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில். கடையில் மக்காச்சோள விதைக்குக் கூட்டம். முதலாளி திருச்சி போய்விட்டார். நானும் பஷீரும்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உரமூட்டை மேல் உட்கார்ந்து அந்த விளையாட்டை என் போனில் இறக்கினேன்.

புரிந்துகொண்ட வரை, மறக்காமலிருக்க:

நம்மிடம் இருக்கும் சீட்டுகளில் இருபதைப் பொறுக்கி நாமே கட்டு சேர்க்க வேண்டும். ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் விளக்கில் எண்ணெய் ஒரு சொட்டு கூடும். சீட்டை மேசையில் இறக்க எண்ணெய் செலவு. எலிக்கு ஒரு சொட்டு, யானைக்கு எட்டு. இறக்கிய சீட்டு எதிராளியைக் கடிக்கும். யார் உயிர் முதலில் தீர்கிறதோ அவர் அவுட். மொத்தம் ஏழு வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு காவல், எல்லாம் கம்ப்யூட்டர். ஜெயித்தால் புதுச் சீட்டு கிடைக்கும்.

முதல் வாசலிலேயே தோற்றேன். சின்னப் பிள்ளைகளுக்கான வாசலாம் அது.

பஷீர் பார்த்துவிட்டான். "என்னண்ணே, இந்த வயசுல கேமா?" பாப்பாவுக்காக என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கடை லீவு. தெருமுனையில் மைக் செட். அறையில் துணி துவைத்தேன், சாம்பார் வைத்தேன், மற்ற நேரமெல்லாம் விளையாட்டு. மூன்று வாசல் தாண்டியாயிற்று.

என் தப்பு என்னவென்று பிடிபட்டது. பெரிய சீட்டாகப் பார்த்து அடுக்கியிருந்தேன். யானை, சிங்கம், யானை. கை நிறைய யானை, விளக்கில் எண்ணெய் இல்லை. நான் எட்டுச் சொட்டு சேர்க்கும் முன் எதிராளியின் கோழிகள் என்னைக் கொத்தித் தீர்த்துவிடுகின்றன. பாதியைக் கழற்றிவிட்டு எலி, கீரி, வைத்தியர் போட்டேன். உடனே மாற்றம்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் புத்திசாலி இல்லை, பிடிவாதக்காரன். மூன்றாம் வாசல் காவல் எப்போதும் இடது ஓரச் சீட்டைத்தான் அடிக்கிறான். அங்கே ஆமையை வைத்தால் போதும்.

சாம்பாரில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெயில். பஸ் லேட். பேக்கரியில் யாழினி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள், போனோடு. நான் ஒன்றும் கேட்கவில்லை. டீ வந்த பிறகு, நாலாம் வாசலில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தலையைத் தூக்கினாள்.

"எந்த நாலாவது வாசல்?"

போனை நீட்டினேன். என் கட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பல் தெரிய. இன்னமும் யானை இரண்டு வைத்திருக்கிறேனாம். எதற்கு, ஒன்றே அதிகம் என்றாள். கீரியையும் எலியையும் சேர்த்து இறக்கினால் இரண்டுக்கும் பலம் கூடும், அதுகூடத் தெரியாமல் நாலாம் வாசல் வரை எப்படி வந்தேன் என்று கேட்டாள். அதிர்ஷ்டம் என்றேன். இல்லை, அந்த வாசல் எல்லாம் ஈசி என்றாள்.

பிறகு அவளே பேசினாள். கிழவியைப் பற்றி, ஸ்கூலில் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றி, அவள் அஞ்சாம் வாசலோடு விட்டுவிட்டதைப் பற்றி. கலாவின் அண்ணன் வந்து ஹாரன் அடித்தபோது, இரு மாமா என்று கையைக் காட்டினாள். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது சொன்னாள், பரீட்சை வருவதால் இனி ஞாயிறு மட்டும்தான் அம்மா போன் தருவாள் என்று.

குன்னத்தில் யாரோ சின்ன வெங்காய மூட்டை ஏற்றினார்கள். பஸ் முழுக்க வாசனை. என்னை அறியாமல் சிரித்துக்கொண்டே வந்தேன் போல. பக்கத்து சீட்டு ஆள் ஒரு மாதிரி பார்த்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

அஞ்சாம் வாசல் தாண்டி ஆறாவதில் நிற்கிறேன். கிழவி.

இன்று ஐந்தோ ஆறோ ஆட்டம். எல்லாம் தோல்வி. அவள் ஒவ்வொரு முறையும் மேசையில் நம் பக்கம் இருப்பதில் ஒன்றை எரித்துவிடுகிறாள். நாம் இறக்குகிறோம், அவள் எரிக்கிறாள். எதை எரிக்கிறாள் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் குறித்துக்கொண்டேன். இடது ஓரம் இல்லை. பலமானதும் இல்லை. இறக்குவதற்கு எண்ணெய் அதிகம் ஆன சீட்டு எதுவோ அது. ஒரு தடவைகூட மாறவில்லை.

அப்படியானால், எண்ணெய் அதிகம் பிடிக்கிற, போனால் வருத்தப்பட வேண்டாத ஒரு சீட்டு வேண்டும். இருக்கிறது. வைக்கோல் பொம்மை. ஐந்து சொட்டு, கடிக்காது, சும்மா நிற்கும். யாரும் அதைக் கட்டில் சேர்க்கமாட்டார்கள். பொம்மையை அவளுக்குக் கொடுத்துவிட்டு எலிகளை விட்டுக் கடிக்க வைக்கலாம். ஆனால் என்னிடம் பொம்மை ஒன்றுதான். ஒன்று எரிந்தபின் மறுபடி பழைய கதை.

அரும்பாவூர்க்காரர் ஒருவர் மருந்து கேட்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியவில்லை. பஷீர்தான் கவனித்து அனுப்பினான். போனை மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

யாழினியிடம் பொம்மை யோசனையைச் சொன்னேன். கிழவி எதை எரிப்பாள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. பொம்மை மூன்று வைத்திருக்கிறாளாம், கடிக்காதே என்று சேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் நகம் கடித்தாள். பிறகு அவள் ஐடியை, பாஸ்வேர்டோடு என் போனில் போட்டுக் கொடுத்தாள்.

"நீங்க கட்ட மட்டும் அடுக்கி வைங்கப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம நான் விளையாடுறேன்."

என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறாள். கடையில் முதலாளி பெட்டிச் சாவியைத் தந்த அன்றுகூட இப்படி இல்லை.

கலா வந்தாள். மாதம் ஒரு தடவை பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கிழவி செத்தாள்.

மதியம் கடையில் ஆள் இல்லை. யாழினியின் கட்டை அடுக்கினேன். பொம்மை மூன்று, எலி ஆறு, கீரி நாலு, வைத்தியர் இரண்டு, மீதி சில்லறை. அடுக்கியது சரிதானா என்று ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்று தோன்றியது. தோற்றால் அவளுக்கு எதுவும் குறையப்போவதில்லை.

கிழவி முதல் பொம்மையை எரித்தாள். எலிகள் கடித்தன. இரண்டாவது பொம்மையை எரித்தாள். கீரியும் எலியும் சேர்ந்து கடித்தன. மூன்றாவதை எரிக்கும்போது அவளுக்கு உயிரே இல்லை. திரை முழுக்கச் சாம்பல் பறந்தது, கதவு திறந்தது. நான் எழுந்து நின்று கத்திவிட்டேன் போல. பஷீர் ஓடிவந்தான். அவனும் கை தட்டினான்.

கலாவுக்கு மெசேஜ் போட்டேன், கிழவி காலி, யாழினியிடம் சொல்லு என்று.

சாயந்திரம் பதில் வந்தது. "அழுவுறா. என்ன பண்ணீங்க?"

செப்டம்பர் 11, வியாழன்

அந்த ஐடியில் ஆறாவது வாசல் திறந்தே இருக்கிறது. மூட வழியில்லை. எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்தேன். ஜெயித்த வாசலில் காவல் திரும்ப வராது. விளையாட்டு அப்படித்தான்.

கலாவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கூல் நேரமாக இருக்கலாம்.

விதை லோடு வந்தது. எண்ணி இறக்கியது சரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்ல மழை. நனைந்துகொண்டே போனேன்.

பேக்கரிக்குக் கலாவின் அண்ணன் மட்டும் வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை. "வரமாட்டேங்குறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க மாப்ள" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. நானும் சரி மச்சான் என்றேன்.

உடனே திரும்ப மனசில்லை. டீ சாப்பிட்டேன். அவளுக்கென்று சொல்லியிருந்த முட்டை பப்ஸும் வந்துவிட்டது. பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன்.

ஸ்டாண்டில் நிற்கும்போது கலாவே கூப்பிட்டாள். அவள் கணக்கு டீச்சர், எதையும் சுற்றி வளைக்கமாட்டாள். "லீவு முடிஞ்சதுலேருந்து அதையே வெச்சு மல்லாடிட்டு இருந்தா. தோக்குறா, அழுவுறா, திரும்ப உக்கார்றா. நீங்க ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டீங்க. அவளுக்கு இப்ப என்ன இருக்கு சொல்லுங்க?"

உதவி என்றுதான் நினைத்தேன் என்றேன். கேட்டாளா என்றாள். கட்டு அடுக்கத்தான் கேட்டாள் என்றேன்.

அடுத்த வாரம் கட்டாயப்படுத்தி அனுப்பமாட்டேன், அவளாக வந்தால் வரட்டும் என்று சொல்லி வைத்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேலையில் கவனம் இல்லை. பருத்திக்குக் கேட்டவருக்கு சோள மருந்தை எடுத்து வைத்தேன். பஷீர் மாற்றினான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ஏலக்காய் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் சொன்னான், "மன்னிப்பு கேளுங்கண்ணே. பிள்ளைகிட்ட கேக்குறதுல என்ன இருக்கு? எம் பொண்ணுகிட்ட நான் வாரத்துக்கு நாலு தடவ கேக்குறேன்."

கேட்கலாம். கேட்டபின்? கதவு திறந்தேதானே கிடக்கும்.

அவள் ஐடியை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். என் ஐடியில் கிழவி இன்னமும் உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் ஒரு பொம்மைதானே. ஒரு ஆட்டம் போட்டேன். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. எந்தச் சீட்டை இறக்குவாள், எதை எரிப்பாள், எல்லாம். அவளுக்குப் பதில் நானே ஆடலாம் போல.

நானே ஆடலாம்.

செப்டம்பர் 20, சனி

கடையில் விதை வந்த அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. இரண்டு நாளாக மதியங்களில் வெட்டினேன். கிழவியின் கட்டு இருபது. யாழினியிடம் இருக்கும் சீட்டு எல்லாமே, ஒன்று விடாமல், அவளுக்கு வேண்டியதை அவளே பொறுக்கட்டும். எண்ணெய்க்குப் புளியங்கொட்டை. உயிருக்குப் பட்டாணி.

படம் வரைந்தது பாதி நான், பாதி பஷீர். அவன் வரைந்த எலி நிலக்கடலை மாதிரி இருக்கிறது. என் யானைக்குத் தும்பிக்கை எது, வால் எது என்று தெரியவில்லை. எண்கள் மட்டும் சுத்தம்.

கலாவிடம் போனில் சொன்னேன், ஒரு தடவை கூட்டிவா, பிடிக்கவில்லையென்றால் உடனே கிளம்பிவிடலாம், மாதம் ஒரு தடவைக்கும் சரி சொல்கிறேன் என்று. பிறகு, "நானே கூட்டிட்டு வரேன்" என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெயில், புழுக்கம். பேக்கரியில் ஃபேன் ஓடவில்லை.

இரண்டு பேரும் வந்தார்கள். கலா பக்கத்து மேசையில் பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். யாழினி என் எதிரில், சுவரைப் பார்த்து.

பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"தப்பு என்னோடதும்மா. அது உன் ஆட்டம். நான் தொட்டிருக்கக் கூடாது."

அட்டைச் சீட்டுகளை மேசையில் பரப்பினேன். உன் போனில் இருந்த கிழவி போய்விட்டாள், அவளைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அதனால் நான்தான் இனிமேல் கிழவி என்றேன். அவள் ஆடுகிற மாதிரியே ஆடுவேன், ஒரு எழுத்து பிசகாது என்றேன்.

வெகுநேரம் சுவர்தான். பிறகு ஒரு சீட்டை ஒற்றை விரலால் இழுத்தாள். "இது என்ன, கடலையா?"

எலி என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் பொறுக்க ஆரம்பித்தாள். பொம்மைகள் மூன்றையும் எடுத்துத் தனியாக என் பக்கம் தள்ளிவிட்டாள். அது எனக்கு வேண்டாம் என்றாள். புரிந்தது.

முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். கிழவி ஜெயித்தாள் என்று எழுத வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் யாழினி பக்கம் யானையும் வைத்தியரும் நின்றார்கள். யானைதான் விலை அதிகம், யானையைத்தான் எரிக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். வைத்தியரை எடுத்தேன்.

"நில்லு. கெழவி யானையத்தான் எரிப்பா. நீ விட்டுக்குடுக்குறப்பா."

நீ என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான். இருக்கட்டும்.

கலா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள், "ஒழுங்கா ஆடுங்க. அவளுக்குத் தெரிஞ்சிரும்."

வைத்தியரைத் திருப்பி வைத்து யானையை எரித்தேன். அந்த ஆட்டமும் அவள் தோற்றாள். மூன்றாவதும் தோற்றாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது யோசனை வந்து விழும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம்.

பேக்கரிக்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்த வந்தபோதுதான் நேரம் தெரிந்தது. அவள் பக்கச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னாள். கிழவியின் கட்டு என்னிடம்.

செப்டம்பர் 25, வியாழன்

படைப்புழு வந்துவிட்டது. குன்னம் பக்கமிருந்து காலையிலிருந்தே ஆட்கள், கையில் கடிபட்ட சோளக்குருத்தோடு. மருந்து தீர்ந்து, லோடு சொல்லி, அதுவும் பாதி தீர்ந்தது. கால் வலி.

பஷீர் கேட்டான், பாப்பா ஜெயித்துவிட்டதா என்று. இல்லை என்றேன். "இன்ஷா அல்லா ஜெயிச்சிரும்ணே. நீங்க ஜெயிக்க வுட்றாதீங்க" என்றான். இரண்டையும் ஒரே மூச்சில்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு லீவு ஆரம்பம். மேகமூட்டம். அரியலூர் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து பஸ் நின்று நின்று போனது. நான் போய்ச் சேர்ந்தபோது யாழினி தன் சீட்டுகளை அடுக்கி வைத்து, கைகட்டி உட்கார்ந்திருந்தாள். கலா மறுபடி பக்கத்து மேசை, பேப்பர் கட்டு.

ஆட்டம் ஆரம்பம். அவள் ஒன்றுமே இறக்கவில்லை. அவள் பக்கம் மேசை காலி. இரண்டாவது முறையும் காலி. கிழவியாக நான் இறக்கிய பருந்துகள் கொத்திக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பட்டாணியாக அவளே எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள், முகம் மாறாமல்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எரிக்க எதிரில் ஒன்றும் இல்லையே. எரிப்பதை விட்டுவிட்டு அடுத்த சீட்டை இறக்கப் போனேன். கையைப் பிடித்தாள்.

"எதிர்ல ஒண்ணும் இல்லேன்னா அவ சீட்டையே எரிச்சுக்குவா."

அப்படியெல்லாம் செய்யமாட்டாள் என்றேன். யாராவது தன் சீட்டைத் தானே எரிப்பார்களா?

"மனுஷங்க எரிக்க மாட்டாங்க. அவ கம்ப்யூட்டர். நான் ஒரு தடவ பாத்துருக்கேன்ப்பா."

நான் பார்த்ததில்லை. என் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு சீட்டு நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி, என் போனில் என் கிழவியைத் திறந்தோம். ஒன்றும் இறக்காமல் காத்திருந்தோம், இரண்டு தலையும் ஒரே திரை மேல். கலாவும் எழுந்து வந்து பின்னால் நின்றாள். கிழவி கையை நீட்டினாள். எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. கை திரும்பியது. அவளுடைய பெரிய பருந்து எரிந்தது.

தெரிந்திருந்தும் ஏன் இதை முன்னாலேயே செய்யவில்லை என்று கேட்டேன். உயிர் குறைந்துகொண்டே வரும், அதைப் பார்க்க பயமாக இருக்கும், ஏதாவது ஒன்றை இறக்கிவிடத் தோன்றிவிடும் என்றாள்.

திரும்ப அட்டைச் சீட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு முறையும் என் சீட்டையே நான் எரித்தேன். அவள் பட்டாணி குறைந்தது. குறைந்து குறைந்து இரண்டுக்கு வந்தது. விரல் சீட்டின் மேல் போய்விட்டுத் திரும்பியது. கலா ஒரு பேப்பரையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சிவப்புப் பேனா நகரவில்லை. எனக்கு வாய் வரை வந்தது, இறக்கிவிடம்மா என்று. சொல்லவில்லை.

என் பக்கம் கடைசிப் பருந்தும் எரிந்தது. அவளிடம் எண்ணெய் நிறைய. எலி, கீரி, எலி, யானை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கினாள். ஒன்றை எரிக்கலாம், யானையை எரித்தேன். மற்றவை கடித்தன. அடுத்த முறை இன்னொரு யானை. அதை எரித்தேன். மற்றவை கடித்தன. கிழவியின் பட்டாணி தீர்ந்தது.

எனக்கு ஒரு வழிகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், இல்லை. நிஜமாகவே தோற்றேன்.

யாழினி கத்தவில்லை. என் பக்கம் இருந்த பட்டாணிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. பிறகு நெஞ்சில் கையை வைத்து மூச்சுவிட்டாள். "அம்மா, பாத்தியா" என்றாள். பார்த்தேன் என்றாள் கலா. பேப்பரைக் கீழே வைத்திருந்தாள்.

இரண்டு முட்டை பப்ஸ் சாப்பிட்டாள். ஏழாவது வாசலை அவளே பார்த்துக்கொள்வாளாம், அதில் கை வைக்கக் கூடாதாம். சத்தியம் கேட்டாள், செய்தேன். நான் வேறு காவலாக மாற வேண்டுமாம், புதிதாக ஒருத்தனை அவளே வரைந்து, சட்டமும் எழுதிக் கொண்டுவருவாளாம். அவன் எதை எரிப்பான் என்று கேட்டேன். அதைச் சொன்னால் எப்படி என்றாள்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது கலா என்னிடம், "அவ கையப் புடிக்காம இருந்தீங்க பாருங்க, அதான்" என்றாள். கிக்கரை உதைத்தாள்.

பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பேரளியில் விழிப்பு.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடையில் ஒட்டடை அடித்து, தராசுக்குப் பொட்டு வைத்து, நாளைய பூஜைக்கு எல்லாம் ரெடி. பொரி, கடலை, வாழைப்பழம். முதலாளி வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

சாயந்திரம் தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால் யாழினி. அம்மா ஸ்கூல் டீச்சர் ஒருத்தரின் நம்பராம். அந்த டீச்சர் வீடு பெரம்பலூரில் இருக்கிறதாம், நாளைக்கு அம்மாவும் அவளும் அங்கே கொலு பார்க்க வருகிறார்களாம்.

"அம்மா அங்க இருப்பாங்க. நான் உங்க ரூமுக்கு வரலாமா?"

வா என்றேன். எத்தனை மணிக்கு, என்ன பஸ், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வைத்தபிறகுதான் நினைவு வந்தது. திரும்பக் கூப்பிட்டால் பிஸி.

அறை: பெருக்க வேண்டும். கொடிக்கயிற்றில் துணி. நாற்காலி ஒன்றுதான், பஷீர் வீட்டில் கேட்கலாம். தட்டு இன்னொன்று. அவளுக்குச் சாம்பார் வேண்டாம், தயிர்சாதம் பிடிக்கும். ஊறுகாய் எலுமிச்சை. ஜன்னல் கொக்கி சரியில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இளவெயில். கடை பூஜை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். அரியலூர் பஸ் இரண்டு வந்தது, அவற்றில் இல்லை. எல்லா பஸ்ஸிலும் மாலை, முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம். டிரைவர் எப்படித்தான் ரோட்டைப் பார்க்கிறாரோ. பக்கத்தில் ஒரு பெரியவர், யாரை எதிர்பார்க்கிறீங்க தம்பி என்று கேட்டார். மகளை என்றேன். கல்யாணம் ஆன மகளா என்றார். ஏழாவது படிக்கிறாள் என்றேன்.

இன்னொரு பஸ் உள்ளே திரும்புகிறது. அரியலூர் போர்டுதான். ஜன்னல் ஒன்றில் கலா. அவளைத் தாண்டி ஒரு கை வெளியே நீண்டு ஆடுகிறது. கையை உள்ளே போடச் சொல்ல வேண்டும். போகிறேன்.